நைன் அக்கா

ஜெயமலர் என்று கேட்டால் சூரிச்சில் பாதித் தமிழருக்கு ஆளைத் தெரியாது. நைன் அக்கா என்று கேட்டுப் பாருங்கள். லாங்ஸ்ட்ராஸப் பக்கத்துத் தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறவர்கூட நிமிர்ந்து, "ஓ, அவவோ" என்று சிரிப்பார். ஜேர்மன் மொழியில் யா என்றால் 'ஓம்', நைன் என்றால் 'இல்லை'. அந்தப் பட்டத்தை அவளுக்கு யாரும் சும்மா வைக்கவில்லை, சண்டை பிடித்து வாங்கினது. ஆறு வருஷம் அதோடு நிமிர்ந்து திரிந்தாள். பிறகு எப்படிக் குனிந்தாள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவளுடைய மனுசன் சிவலிங்கம் எண்பத்தைந்தில் வந்து டாவோஸில் ஹோட்டல் கோப்பை கழுவினவர். தொண்ணூறில் அவள் வந்து சேர, இரண்டு பேரும் சூரிச்சுக்கு இறங்கினார்கள். அவருக்கு ஒரு றெஸ்ரோறண்ட் குசினி. அவளுக்கு நகரத்துக்கு வெளியே துணி வெளுக்கிற ஒரு பெரிய லோன்றி. ஹோட்டல்காரரின் கட்டில் விரிப்புகளும் ஆஸ்பத்திரித் துணிகளும் லொறி லொறியாக வந்து விழும் இடம். முப்பது பெண்கள் வேலை. துருக்கி, போர்த்துக்கல், யூகோஸ்லாவியா, எங்கடை ஆக்கள் எட்டுப் பேர்.

அங்கே மாங்கெல் என்று ஒரு மிஷின் இருக்கிறது. சூடான பெரிய உருளைகள். ஈரவிரிப்பின் இரண்டு மூலையையும் இரண்டு பேர் பிடித்து, ஒரே நேரத்தில் உருளைக்குள் கொடுத்து, ஒரே நேரத்தில் கையை விட வேண்டும். ஒருத்தி முந்தினாலும் துணி கோணிக்கொண்டு போகும், மற்றவளின் விரல் பொசுங்கும். ஜெயமலருக்குச் சோடி மன்னாரைச் சேர்ந்த மரியகொறற்றி. வாய் ஓயாத பெட்டை, ஆனால் கை சுத்தம்.

மேற்பார்வை பார்க்கிற போர்மன் ஷ்டால்டரைக் கெட்ட மனுசன் என்று சொல்ல ஏலாது. பஞ்சி பிடித்த மனுசன். துருக்கிக்காரியின் பெயரும் போர்த்துக்கல்காரியின் பெயரும் அவருக்குத் தெரியும். தமிழ்ப் பெயர் எட்டையும் பாடமாக்க அவருக்கு என்ன தலையெழுத்து? எட்டுப் பேருக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டார். "ஸ்ரீலங்கா, மிஷின் மூன்று." "ஸ்ரீலங்கா, லொறி வந்திட்டுது." எட்டுத் தலையும் ஒன்றாகத் திரும்பும். மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். சம்பளம் வந்தால் போதும், கழுதை என்று கூப்பிட்டால்தான் என்ன என்றிருந்தார்கள்.

ஜெயமலரால் அதைப் பொறுக்க ஏலவில்லை. எந்தப் பெயரைச் சொல்லி விமானம் வந்து தன் தெருவில் குண்டு போட்டதோ அந்தப் பெயரால் தன்னை ஒருவன் கூப்பிடுவதா? தொண்ணூற்றொன்று கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை, அவர் வழமைபோல "ஸ்ரீலங்கா" என்றபோது அவள் மிஷினை விட்டு விலகி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நைன்," என்றாள். "நான் ஸ்ரீலங்கா இல்லை. நான் தமிழ். என்ரை பேர் ஜெயமலர்."

அவள் அதுவரை சேர்த்து வைத்திருந்த ஜேர்மன் அவ்வளவும் அந்த மூன்று வசனத்தோடு முடிந்துவிட்டது. ஷ்டால்டர் முழித்தார். மிஷின் கால் மணித்தியாலம் வெறுமையாக ஓடியது. அவளைக் கந்தோருக்குக் கூப்பிட்டு, வேலையை விட்டு நிற்பாட்டப் போவதாக ஒரு கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஜெயமலர் தொழிற்சங்கத்துக்குப் போனாள். அங்கேதான் எலேனாவைக் கண்டாள்.

எலேனா சங்கத்தின் செயலாளர். இத்தாலியக் கட்டிடத் தொழிலாளியின் மகள். அந்தக் காலத்தில் பருவகாலத் தொழிலாளர் பிள்ளைகளைக் கூட்டிவர அனுமதியில்லை. அதனால் ஆறு வயது வரை ஒரு அறைக்குள் சத்தம் போடாமல் ஒளிந்து வளர்ந்தவள். அப்படி வளர்ந்தவளுக்கு, வாய் திறந்த ஒருத்தியைக் கண்டால் எப்படியிருக்கும்? இரண்டு கிழமையில் கொடுத்தவர்களே கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சுவரில் தொங்கிய வேலை அட்டவணையில் எட்டுப் பேரின் பெயரும் ஏறியது. ஷ்டால்டர் "யெயாமலார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பழகினார். அன்றிலிருந்து அவள் நைன் அக்கா. சிவலிங்கத்துக்கும் உள்ளுக்குள் பெருமைதான். "வீட்டில எனக்குச் சொல்லுற நைன் காணாதெண்டு வேலையிலயும் போய்ச் சொல்லியிருக்கிறா" என்று சொல்லித் திரிந்தார்.

அவளுக்கு ஒரே தம்பி, ஜெகதீஸ்வரன். தொண்ணூற்றாறில் கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தான். அங்கே பெரிய குண்டு ஒன்று வெடித்த பிறகு தமிழ்ப் பெடியளைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. இரண்டு முறை பிடித்து, அடித்து, விட்டார்கள். மூன்றாம் முறை விடுவார்களோ தெரியாது. தொலைபேசி அடித்தால் ஜெயமலர் முதல் மணிக்கே ஓடிப்போய் எடுப்பாள். கடைசியில் ஒரு ஏஜென்சிக்காரன் சைப்பிரஸ் என்று சொல்லி அவனை ஏற்றினான். கொண்டுபோய் இறக்கினது இஸ்ரேலில்.

மார்கழி மாதம் அவன் கடிதம் வந்தது. பிளாஸ்ரிக் கூடாரங்களுக்குள் பூ வளர்க்கிற தோட்டத்தில் வேலையாம். "சாப்பாடு பரவாயில்லை அக்கா. இஞ்ச ஒருத்தரும் பிடிக்க வரமாட்டினம். எங்களுக்கு முதல் இந்த வேலையை அரபு ஆக்கள்தான் செய்தவையாம். இப்ப அவையளை எல்லை தாண்ட விடுறதில்லை. அவையள் இருந்து சாப்பிட்ட கொட்டிலிலதான் நாங்கள் படுக்கிறம். சுவரில கரியால என்னவோ எழுதிக் கிடக்கு."

ஜெயமலர் கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தாள். தம்பி உயிரோடு இருக்கிறான், அதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றைக்கு அந்தச் சுவரைப் பற்றி அவள் நினைக்கவேயில்லை.

பங்குனியில் எலேனா ஒரு தாளோடு வந்தாள். சங்கம் பாலஸ்தீனத் தொழிலாளருக்காகக் கையெழுத்துச் சேர்க்கிறதாம். இஸ்ரேல்காரர் எல்லையை மூடி, இருபது வருஷம் வேலை செய்தவர்களை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். சித்திரைக் கடைசியில் காசாவிலிருந்து ஒரு தொழிலாளி வந்து கூட்டத்தில் கதைக்கப்போகிறாராம்.

"ஜெயா, இதைத் தமிழில் எழுதித் தர உன்னை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?" என்றாள்.

ஏழு வசனம். குசினி மேசையில் அகராதியை வைத்துக்கொண்டு ஜெயமலர் எழுதினாள். முதல் நாலு வசனமும் சொந்தக் கதைபோல ஓடி வந்தது. ஐந்தாவதில் பேனை நின்றது. அவர்களுடைய இடத்துக்குத் தூர நாடுகளிலிருந்து உரிமை எதுவும் இல்லாத தொழிலாளரை இறக்குகிறார்கள், அவர்களும் ஏமாற்றப்படுகிறார்கள், அவர்களுக்காகவும் குரல் கொடுப்போம் என்று இருந்தது.

சிவலிங்கம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "இப்ப நீர் என்ன செய்யிறீர் எண்டு உமக்கு விளங்குதோ? அவையளுக்கு வேலையைத் திருப்பிக் குடுக்கச் சொன்னால், உம்மட தம்பியை என்ன செய்யச் சொல்லுறீர்?"

"எனக்குத் தெரியேல்லையப்பா."

"அப்ப எழுதாதையும்."

"எழுதாமல் விட ஏலாது. என்னை வேலையால நிற்பாட்டக் கடிதம் வந்த நேரம் அந்தப் பெட்டை எனக்காக நிண்டவள்."

"அப்ப தம்பி அங்க நிக்கிறான் எண்டதையும் அவளுக்குச் சொல்லும்."

அதுவும் ஏலாது. ஊரெல்லாம் நியாயம் கதைக்கிற நைன் அக்காவின் தம்பி, துரத்தப்பட்டவனின் இடத்தில் நிற்கிறான் என்று எந்த முகத்தோடு சொல்லுவது? அவனிடம் ஒழுங்கான பேப்பரும் இல்லை, பெயர் வெளியே போனால் பிடித்துக் கொழும்புக்கே அனுப்பிவிட்டால்? அவள் ஐந்தாம் வசனத்தைத் தாண்டி ஆறாவதுக்குப் போனாள். எலேனா வாங்கிப் பார்த்துவிட்டு, துருக்கியில் ஏழு வசனம், இத்தாலியனில் ஏழு, தமிழில் மட்டும் ஆறு, உங்களுடையது சுருக்கமான மொழி என்று மெச்சினாள். ஜெயமலர் தலையாட்டினாள்.

அறுபத்துமூன்று தமிழர் கையெழுத்து வைத்தார்கள். "எங்கட பிரச்சினைக்கே நாதியில்லை, இதென்ன அக்கா?" என்று கடையில் ஒருவர் கேட்டார். "நாதியில்லாதவனுக்குத்தான் மற்ற நாதியில்லாதவன்ர கதை விளங்கும். வையும் கையெழுத்தை," என்றாள். நல்ல வாய். அந்த வாய் இருந்ததால்தான் எல்லோரும் வைத்தார்கள்.

சித்திரைக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் கூட்டம். வந்தவர் பெயர் மாஜித். ஐம்பது வயது இருக்கும், நன்றாக மினுக்கிய பழைய கோட். பதினெட்டு வருஷம் பூத்தோட்டத்தில் வேலை செய்தவர். பூத்தோட்டம் என்றதும் ஜெயமலருக்குத் தம்பியின் கடிதம் நினைவுக்கு வந்தது. அவர் அரபியில் சொல்ல, ஒரு மாணவன் ஜேர்மனில் சொல்ல, ஜெயமலர் பின்வரிசையிலிருந்த தமிழ்ப் பெண்களுக்குத் தமிழில் சொன்னாள். எல்லை தாண்ட ஒரு அட்டை வேண்டும், அது ஒருநாள் கிடைக்கும் ஒருநாள் கிடைக்காது என்றார் அவர். மாணவன் அதற்கு "பெவில்லிகுங்" என்ற சொல்லைப் போட்டான். சுவிஸில் விசா, வேலை அனுமதி எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். மண்டபத்திலிருந்த வெளிநாட்டார் எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

ஜெயமலர் அதை "பாஸ்" என்று சொன்னாள்.

"வவுனியாவிலயோ அக்கா?" என்று மரியகொறற்றி கேட்டாள். வவுனியாவில் தங்க ஆமியிடம் பாஸ் எடுக்கவென்று அவளுடைய தகப்பன் வரிசையில் நின்ற நிலை அவளுக்குத்தான் தெரியும்.

"இல்லையடி. அங்கயும் இருக்காம்."

மாஜித் இடையில் தண்ணீர் குடித்தார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார், அப்படியும் கோட்டில் சிந்தியது. மேடைப் பயமாக்கும் என்று ஜெயமலர் நினைத்தாள்.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி கொடுக்கும்போது அவர் மாணவனையும் கூட்டிக்கொண்டு நேரே அவளிடம் வந்தார். எலேனா பக்கத்தில் நின்றாள். அவர் அரபியில் என்னவோ கேட்டார்.

"நீங்கள் ஸ்ரீலங்காவா என்று கேட்கிறார்," என்றான் மாணவன்.

ஜெயமலர் பயந்துபோனாள். கண்டுபிடித்துவிட்டான். என் இடத்தில் உங்கள் ஆட்கள்தானே நிற்கிறார்கள் என்று எல்லாருக்கும் முன்னால் கேட்கப்போகிறான். எலேனா கேட்பாள், கையெழுத்து வைத்த பெண்கள் கேட்பார்கள். அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஆறு வருஷம் வாயில் பழகிய சொல் தானாகவே வந்தது.

"நைன்."

எலேனா வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ, அப்படி மட்டும் கேட்டுவிடாதீர்கள். இவள் ஸ்ரீலங்கா இல்லை, இவள் தமிழ். அதுக்காக மிஷினையே நிற்பாட்டினவள்," என்று முழுக்கதையையும் மாணவனுக்குச் சொன்னாள். அவன் மொழிபெயர்த்தான். மாஜித் கவனமாகக் கேட்டார். பிறகு கையை நெஞ்சில் வைத்து, "மன்னிக்க வேண்டும் சகோதரி. என்னுடைய அட்டையிலும் நான் யார் என்று அவர்கள்தான் எழுதினார்கள்," என்றார். இன்னும் என்னவோ கேட்க வாயெடுத்தவர், வேண்டாம் என்று விட்டு அடுத்த மேசைக்குப் போனார். ஆள் ஆளாக விசாரித்துக்கொண்டு மண்டபம் முழுக்க நடந்தார். கடைசியில் ஒரு தாய்லாந்துப் பெண்ணோடு இருந்து நெடுநேரம் என்னவோ எழுதினார்.

ஜெயமலருக்குப் பெரிய ஆறுதல். தப்பிவிட்டேன் என்று நினைத்தாள். தேத்தண்ணியை நிம்மதியாகக் குடித்தாள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டில் சிவலிங்கம், "அந்தாள் உம்மோட கதைச்சவரோ?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. ஆரெண்டு கேட்டவர்."

ஆனி மாதம் தம்பியின் கடிதம் வந்தது. முத்து முத்தாக எழுதுகிறவனின் எழுத்து கோணிக்கொண்டு கிடந்தது. "காலமையில கை கொஞ்சம் விறைக்குது அக்கா. கண்ணும் மங்கலாக் கிடக்கு. குளிராக்கும்." ஆனி மாதத்தில் அந்த நாட்டில் என்ன குளிர்? அவளுக்கு அது உறைக்கவில்லை. நல்லெண்ணெய் பூசு என்று எழுதி, தடித்த கம்பளிக் கையுறை இரண்டு சோடி பார்சல் பண்ணினாள்.

ஆடியில் சங்கத்தின் பத்திரிகை தபாலில் வந்தது. வேலைக்குப் போகிற ட்ராமில் இருந்து விரித்தாள். நடுப்பக்கத்தில் மாஜித்தும் அந்தத் தாய்லாந்துப் பெண்ணும் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிற படம். கீழே எலேனா எழுதியிருந்தாள். ஜெயமலர் விரலை வைத்து வைத்து வாசித்தாள்.

எங்கள் விருந்தாளி தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. ஒரேயொரு உதவி கேட்டார். அவருடைய இடத்தில் இப்போது தாய்லாந்துக்காரரும் ஸ்ரீலங்காக்காரரும் வேலை செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர்கள்மேல் அவருக்குக் கோபம் இல்லை. கூடாரங்களுக்குள் மருந்தடித்தால் இரண்டு நாளைக்கு உள்ளே போகக்கூடாது. அது ஹீப்ரு மொழியில் மட்டும்தான் எழுதியிருக்கும், முதலாளி சொல்லமாட்டான். தன் கைகள் அப்படித்தான் போயின என்றார். இதை அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் எழுதி அனுப்ப ஆள் தேடினார். தாய்லாந்து மொழியில் எழுத ஒருவர் கிடைத்தார். சிங்களத்தில் எழுத ஒருவரும் கிடைக்கவில்லை. ஸ்ரீலங்காவைச் சேர்ந்த எவரும் எங்கள் கூட்டத்தில் இருக்கவில்லை.

கடைசி வசனத்தை அவள் மூன்று தரம் வாசித்தாள். ட்ராம் லோன்றியைத் தாண்டிப் போய்விட்டது.

அன்றே தம்பிக்கு அவசரக் கடிதம் போட்டாள். தம்பியின் தோட்டத்துக்குத் தொலைபேசி இல்லை. அவனாக எடுத்தால்தான் உண்டு. பன்னிரண்டாம் நாள் எடுத்தான். கொழும்பிலிருந்து. ஒருநாள் வேலை செய்துகொண்டு நின்றபடி விழுந்துவிட்டானாம். மூன்றாம் நாள் முதலாளி அவனை விமானத்தில் ஏற்றிவிட்டானாம். திரும்பவும் அதே லொட்ஜ். வெளியே போனால் பொலிஸ், உள்ளே இருந்தால் கைநடுக்கம்.

"தம்பி, அந்தக் கூடாரத்துக்கு வெளியில ஏதும் எழுதிப் போட்டிருந்தவங்களோ?"

"ஓம் அக்கா. ஒவ்வொரு கதவிலயும் சிவப்பெழுத்தில ஒரு பலகை. அவையள்ர வேத வசனமாக்கும் எண்டு நினைச்சன். நான் நாளும் தொட்டுக் கும்பிட்டிட்டுத்தான் உள்ளுக்குப் போறனான்."

"அக்கா, லைனில நிக்கிறியளோ?" என்று அவன் இரண்டு தரம் கேட்டான்.

நடந்த எல்லாவற்றையும் அன்றிரவு அவள் சிவலிங்கத்துக்குச் சொன்னாள். அவர் நல்ல மனுசன். "நீர் அண்டைக்கு ஓம் எண்டு சொல்லியிருந்தாலும் கடிதம் போய்ச் சேர நாள் எடுத்திருக்கும்" என்றார். அவள் கலண்டரை எடுத்தாள். கடிதம் போக எட்டு நாள். வைகாசி முதல் கிழமையே அவன் கையில் இருந்திருக்கும். ஆனிக் கடிதத்துக்கு முதல், வைகாசி நடுவில் அவன் எழுதின கடிதத்தின் எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது. சிவலிங்கம் கலண்டரை வாங்கித் திருப்பி மாட்டினார். விட்ட ஐந்தாம் வசனமும் அவள் மனதை விட்டுப் போகவில்லை. ஏழு வசனத்தில் தம்பிக்காக எழுதியிருந்தது அந்த ஒன்றுதான்.

அவள் எலேனாவிடம் சொல்லவேயில்லை. அடுத்த வருஷம் மே தினத்துக்கு மேடையில் பேசக் கேட்டு எலேனா வந்தபோது, இடுப்பு நோ என்றாள். எலேனா மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிக்கொண்டு வந்து தந்துவிட்டுப் போனாள்.

அந்த ஆவணியில் ஷ்டால்டர் ஓய்வுபெற்றுப் போக, புதுப் போர்மன் ஒருவன் வந்தான். சின்ன வயது, அவசரக்காரன், சுவரிலிருந்த அட்டவணையைப் பார்க்கவேயில்லை. முதல் நாளே மாங்கெல் பக்கமாகக் கையைத் தட்டினான்.

"ஸ்ரீலங்கா, மிஷின் மூன்று."

மரியகொறற்றிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இப்ப பார் வேடிக்கையை என்பதுபோல மற்றப் பெண்களைப் பார்த்தாள். துருக்கிக்காரியும் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.

ஜெயமலர் கையிலிருந்த விரிப்பை மடித்து வைத்தாள்.

"யா," என்றாள். "வாறன்."